தூக்குவாளியின் பளபளப்பு

அக்கா அந்தத் தூக்குவாளியை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளின், லயத்தின், குழாயடி. சின்ன எவர்சில்வர் தூக்கு. கடையில் தொங்குவது மாதிரி பளபளத்தது. மூடியின் மடிப்புக்குள்கூட ஒரு பருக்கை இல்லை. "ஒங்க அத்தான் நேத்து சோறு கொண்டுபோன தூக்கு இது. நான் கழுவல. பெறகு யாருல கழுவுனா?" என்று கேட்டாள்.

அத்தான் வீட்டில் ஒரு டம்ளர் கழுவிப் பார்த்தவர் கிடையாது. தின்ற தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போவார். எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கிற டிரையர் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை லயமே சாமான் வாங்க வண்டிப்பெரியாருக்கு பஸ் ஏறும். அவர் மட்டும் தூக்கில் சோறு வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம், மேற்கே காட்டுக்குள் போவார். எங்கே என்றால் "பள்ளத்துக்கு" என்பார். அங்கே என்ன என்றால் "கடல் தெரியும்" என்பார். மலைமேல் குளிரில் கிடக்கிற எங்களிடம் வந்து கடல் என்றால் யார் நம்புவது? லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சேலைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். "நீ ஒருநா அவரு கூடப் போ. பாத்தத பாத்தபடி சொல்லு. அங்க ஒருத்தி இருக்கான்னா, நான் சங்கரன்கோயிலுக்கு ஆத்தாட்ட போயிருதேன்" என்றாள். அவள் இருப்பதும் போவதும் என் வாயில் என்று ஆகிவிட்டது.

நானும் வருகிறேன் என்றதும் அத்தான் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். "வா மாப்ள. அட்ட கடிக்கும்" என்றார். வரவேண்டாம் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு கல்லைப் புரட்டித் துணிப்பொட்டலம் எடுத்தார். உப்பும் புகையிலையும் போட்டு ஊறவைத்த சாக்குத்துணி. காலில் சுற்றிக்கொண்டார், எனக்கும் ஒன்று தந்தார். இதை ஏன் வீட்டில் வைக்காமல் கல்லுக்கடியில் ஒளித்திருக்கிறார்? கேட்டேன். "நாத்தம். ஒங்கக்கா வீட்டுக்குள்ள விடமாட்டா." சரிதான் என்று பட்டது. ஆனால் ஒன்றை ஒளிக்கிறவன் இன்னொன்றையும் ஒளிப்பான் என்றும் பட்டது. வழி பிரிகிற இடத்தில் நின்று வாயில் விரல் வைத்து விசில் அடித்தார். யாருக்கு என்று நான் மரங்களுக்கிடையே தேடினேன். "ஆனை நின்னா வெலகட்டும்" என்றார். யானைச் சாணி கிடந்தது உண்மை. காய்ந்து கிடந்தது.

ஏலக்காட்டில் காய் உலர்த்துகிற ஸ்டோரைத் தாண்டும்போது அதன் காவல்காரர் வீட்டம்மா வெளியே வந்தாள். நடுவயதுக்காரி. வாய் ஓயாதவள். "என்னண்ணே, இன்னைக்குத் தொணைக்கு ஆளா? போன வாரம் மூடிக் கெடந்துச்சே, இன்னைக்காவது காட்டுமா?" என்றாள். "பாப்பம்" என்றார் அத்தான். "மச்சினரா? பாத்தா போலீசு மாதிரில்ல முழிக்காரு!" என்று அவள் சிரித்தாள். எது மூடிக் கிடந்தது, எது காட்டும், எனக்கு விளங்கவில்லை. அவள் கையைப் பார்த்தேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கரி ஏறிய கை. மனதுக்குள் குறித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோதும் அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு இறக்கம். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஓடை ஒன்று கூடவே வந்தது. கடைசியில் ஒரு பாறை. அதற்கப்பால் மலை இரண்டு பக்கமும் விலகி, பள்ளத்தாக்கு மேற்கே பார்த்து வாயைத் திறந்து கிடந்தது. உள்ளே பூராவும் மேகம். குடிசை இல்லை, புகை இல்லை, ஆள் நடந்த தடம் இல்லை. பாறையில் உட்கார்ந்து சோற்றைத் தின்றோம். தின்று முடித்ததும் அத்தான் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். மணலை அள்ளிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். உள்ளே தேய்த்தார், அடியில் தேய்த்தார், மூடியின் மடிப்பில் ஒரு ஈர்க்கை விட்டுச் சுற்றி எடுத்தார். அலசினார். மேற்கே பார்த்தார். மேகம் அப்படியே இருந்தது. மறுபடியும் மணல் போட்டார்.

"எத்தன தடவ அத்தான்?" என்றேன்.

"வெலகுற வரைக்கும் கை சும்மா இருக்கணுமே மாப்ள."

விலகியது. கீழே தென்னந்தோப்புகள், அப்புறம் ஒரு மங்கல், எல்லாவற்றுக்கும் கடைசியில் வெள்ளையாக ஒரு கோடு. அதுதான் கடல் என்றார். எனக்கு அது பனிமூட்டமாகவும் இருக்கலாம், வெள்ளம் நிற்கிற வயலாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கேட்டேன். கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வாரம் பூரா நெருப்பப் பாக்கேன்லா."

நான் பார்த்ததைப் பார்த்தபடியே அக்காவிடம் சொன்னேன். தூக்கை அவரேதான் தேய்த்தார் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயும் அவரு கட்சியா? அந்த மனுசன் பாத்திரம் தேச்சாராம், இவன் பாத்தானாம். கேக்குறவ கேணச்சின்னா கடலும் தெரியும், கப்பலும் தெரியும்." உண்மையைச் சொல்லி அடி வாங்கியது போல இருந்தது. யோசித்துப் பார்த்தால் நானே முழுசாக நம்பவில்லை. நான் கூட இருந்ததால் அன்றைக்கு அப்படி நடந்திருக்கலாம். அந்த ஏலக்காட்டு அம்மாவின் சிரிப்பு மனசில் உறுத்தியது.

அடுத்த ஞாயிறு அக்காவே கிளம்பினாள். அத்தானுக்கு முன்னாலேயே வாசலில் நின்றாள். தூக்கு அவள் கையில். நானும் கூடப் போனேன். சாக்குத்துணி வேண்டாம், நாறுகிறது என்று வீசிவிட்டாள். பாதி வழியிலேயே அட்டை ஏறி இரண்டு காலிலும் ரத்தம். குனிந்து பார்க்கவில்லை. ஸ்டோர் வாசலில் அந்த அம்மா, "அய்யோ மதினி, நீங்களுமா? ஒரு கிறுக்கு போதாதுன்னு குடும்பத்தோடயா!" என்று ஓடிவந்து அக்காவின் காலில் உப்பு வைத்தாள். அக்கா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு அவள் வீட்டு முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். எல்லாம் அடியில் கரி பிடித்தவை. மேலே நடந்தாள்.

பள்ளத்தாக்கு மூடியே கிடந்தது. சோறு தின்றோம். அத்தான் எழுந்து போய் மணலை அள்ளினார். அக்கா இருப்பது அவருக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். உள்ளே, அடியில், மூடியின் மடிப்பில் ஈர்க்கு. அலசுவது, மேற்கே பார்ப்பது, மறுபடி மணல். நேரம் போனது. மேகம் அசையவே இல்லை. கடல் தெரியவில்லை. அக்கா பாறையில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறப்படும்போது தூக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இம்புட்டு நல்லாத் தேய்க்கத் தெரிஞ்ச மனுசன், வீட்ல ஒரு டம்ளரத் தொட்டீரா?" என்றாள். அன்று சாயங்காலம் குழாயடியில் எச்சில் பாத்திரங்களோடு அவர் குந்தியிருந்ததை லயமே வேடிக்கை பார்த்தது. பையிலிருந்த சேலைகள் கொடிக்குத் திரும்பின.

ஆனால் கடலை மட்டும் அக்கா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தி இல்லை, அவ்வளவுதான். கடலும் இல்லை என்பாள். அத்தான் வாதாடவில்லை.

இப்போது அந்த ஃபாக்டரி ஓடவில்லை. அத்தானும் இல்லை. பாறைக்குக் கொஞ்சம் மேலே வரை ஜீப் போகிறது. நானும் ஒரு ஜீப் ஓட்டுகிறேன். சுற்றுலா வருகிறவர்கள் கோட்டைக் காட்டி, அது கடலா அண்ணா என்று கேட்பார்கள். அப்படித்தான் சொல்கிறார்கள் என்பேன். போன மழை ஓய்ந்த சமயம் அக்கா, "என்னையும் ஒருநா கொண்டுபோ" என்றாள். தூக்கில் சோறு எடுத்துக்கொண்டாள். பழைய தூக்குதான். அத்தான் போன பிறகு மங்கிவிட்டது. அன்று துடைத்துவிட்ட மாதிரி வானம். கோடு நன்றாகத் தெரிந்தது. அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"தகரக் கூரையா இருக்கும்" என்றாள்.

பிறகு மேகம் ஏறி மூடிவிட்டது. போகலாமா என்று கேட்டேன். "இருல" என்றாள். தூக்கை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினாள். மணலை அள்ளிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.