'சரிங்க'வால் பெருகிய டைமர்கள்

அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கு வேலை போயிருக்கும்.

பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறை. சாயத்தொட்டியின் சூட்டைப் பார்க்கச் சொல்லிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூப்பர்வைசரின் போனுக்குச் செய்தி அனுப்பும் ஜாவா மென்பொருளை அவர்களுக்கு எழுதியது நான். தொட்டி வேலை முடிந்து அவர் பட்டனை அமுக்கினால் செய்திகள் நிற்க வேண்டும். ஒரே வாரத்தில் செய்திகள் மழையாகக் கொட்டின.

"அந்தம்மாவுக்குப் பட்டனை அமுக்கத் தெரியலீங்க. பட்டறை முதலாளிக்கு அப்படியே ரிப்போர்ட் எழுதிப்போடுங்க, ஆளை மாத்திக்குவாங்க" என்றார் என் மேனேஜர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இருந்தாலும் அந்தச் சூப்பர்வைசர் சாந்தி அக்காவிடமே போனில் கேட்டேன்.

"பட்டனையும் அமுக்குறேனுங்க, ஒவ்வொண்ணுக்கும் 'சரிங்க'ன்னு பதிலும் போடுறேனுங்க. சொன்னவங்களுக்குப் பதில் சொல்லாம எப்படிங்க இருக்கறது?"

நிரல் செய்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு 'சரிங்க'வையும் புது வேலை என்று எடுத்துக்கொண்டு, என் நிரல் இன்னொரு டைமரைத் தொடங்கியிருந்தது. பட்டன் ஒன்றை நிறுத்தியது. மற்றவை ஓடிக்கொண்டே இருந்தன.

"பதில் போட வேண்டாம்னு அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடலாமுங்க" என்றார் மேனேஜர்.

"சொல்ல மாட்டேனுங்க. தப்பு என்னோடது."

ரிப்போர்ட்டில் என் பெயரையே எழுதினேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

நிரலைத் திருத்தினேன். அக்கா இன்றும் ஒவ்வொரு செய்திக்கும் 'சரிங்க' போடுகிறார். புது டைமர் எதுவும் கிளம்புவதில்லை. எங்கள் பக்கத்தில் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்று பதில் வரும் என்பது, கோவையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கல்லவா முன்பே தோன்றியிருக்க வேண்டும்?