புக்காராவுக்குள் ஏறி இருந்த நாள்

போன கோடையில், சுவிஸில் நாங்கள் இருக்கிற வின்டர்தூரிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு சின்ன விமானத் திடலில் நடந்தது இது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நடுவில் நிறுத்தி, "அம்மா, விஷயத்துக்கு வாங்கோ" என்கிறாள். வருவேன்தானே!

மருமகனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஹோட்டலில் சமையல் வேலை. அதனால் மகளும் நானும் இரண்டு வயதுப் பேத்தியும்தான் போனோம். பழைய விமானங்களை வைத்துக் கொண்டாட்டமாம், ஏறியும் பார்க்கலாமாம். இந்த நாடு எனக்கு இன்னும் விளங்கவில்லை. சண்டையே இல்லை, ஆனால் எங்கள் கட்டடத்துக்குக் கீழே தடித்த இரும்புக் கதவு போட்ட பதுங்கு குழி, பங்கர் இருக்கிறது. அதில் நாங்கள் அரிசி மூட்டை வைத்திருக்கிறோம். சண்டைக்குள் இருந்த எங்கள் ஊரில் பங்கர் மூடப் பனங்குற்றி தேடி அலைந்தவள் நான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சாப்பிடக் கொண்டுபோன ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அது நிற்கிறது. இரண்டு பக்கமும் விசிறி, கீழே சரிந்த மூக்கு, கொக்குக் கால்.

"பிள்ளை, இது புக்காரா!"

"ஏனம்மா கத்துறியள்? சனம் பாக்குது."

ஊரில் எந்தப் பொம்மர் குண்டு போட வருகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவோம். பள்ளிக்கூடம் போகாத நான் அந்தப் பாடத்தில் கெட்டிக்காரி. புக்காரா உயரத்தில் நின்று போட்டுவிட்டு ஓடாது. தாழப் பதிந்து வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கீழே பாய்ந்து குத்தும். வெள்ளையைக் கண்டால் வரும் என்பார்கள். அதனால் சத்தம் கேட்டதும் முதலில் கொடியில் கிடக்கிற வெள்ளைத் துணியை இழுத்து எடுப்போம், பிறகுதான் பங்கர். இங்கே வந்தும் நான் பால்கனியில் வெள்ளை காயப் போட்டதில்லை. மகள் அதை என் கிறுக்கு என்றே நினைத்திருந்தாள்.

ஊரில் ஒருநாள் நடந்ததும் அப்படித்தான். கொடி நிறையக் குழந்தையின் வெள்ளைத் துணிகள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி ஓடி இழுக்கிறேன். அதற்குள் தலைக்கு மேலே வந்துவிட்டது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் துணி. விழுந்து படுக்கவும் தோன்றாமல் நின்றுவிட்டேன். புக்காரா ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே ஒரு தலை தெரிந்தது. இன்னொரு வட்டம் அடித்தது. போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஊரில் வெடித்தது. விடியும்வரை அங்கே அழுகுரல் ஓயவில்லை.

அவன் என்னைக் கண்டானா, காணவில்லையா? கண்டும் எங்களுக்குக் குண்டு போடாமல் விட்டான் என்றால், அவனை நான் என்ன செய்ய? இதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு சுவிஸ் பெரியவர், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல, அந்த விமானத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். மகள் அவரிடம் விசாரித்துச் சொன்னாள்.

"கீழ சண்டை பிடிக்கிற ஆமிக்கு மேலயிருந்து உதவி செய்யத்தான் இதைச் செய்ததாம். மெல்லமாப் பறக்குமாம், புல்லுத் தரையிலயும் இறங்குமாம், வெடி பட்டாலும் லேசில விழாதாம்."

உதவியா!

"நான் ஏறி இருக்கலாமோ எண்டு கேள்."

"முழங்கால் நோகுது, பஸ்ஸில ஏறமாட்டன் எண்டு நிண்ட ஆள்தானே நீங்கள்?"

பெரியவர் ஏணியைப் பிடித்தார். சீலையைச் சொருகிக்கொண்டு ஏறிவிட்டேன். விமானி இருக்கிற கதிரையில் இருந்ததும் கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு வெட்கம், சிரிப்பு, ஒரே சந்தோஷப் புளுகம். மந்திரி மாதிரிக் கை காட்டினேன். பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்பது உறைத்தது.

"பிள்ளை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் புல்லுக்குப் போய் நில். பிள்ளைக்கு முகம் துடைக்கிற வெள்ளைத் துவாயைக் கையில பிடி."

"ஏனம்மா?"

"நில் எண்டா நில்லடி."

நின்றாள். விமானத்தின் மூக்கு சரிந்திருந்ததால் ஒன்றும் மறைக்கவில்லை. துவாய் பளிச்சென்று தெரிந்தது. பேத்தி ரோல்ஸ் சப்புவதுகூடத் தெரிந்தது.

திரும்பி வந்தவளிடம், பறக்கும்போதும் இப்படித் தெரியுமா என்று கேட்கச் சொன்னேன்.

"வடிவாத் தெரியுமாம். ஆனா பறக்கேக்க ஓட்டுறவர் எங்க பாப்பாரெண்டு ஆருக்குத் தெரியும் எண்டும் சொல்லுறார்... அம்மா, ஏன் அழுறியள்?"

சொன்னேன். அன்று என் இடுப்பில் இருந்த குழந்தை நீதான் என்றும் சொன்னேன். மகள் பேத்தியை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"முடிவு தெரியாத கதையை என்னெண்டு பிள்ளை சொல்லுறது?"

அவள் அந்தப் பெரியவருக்கு அவருடைய பாஷையில் சொன்னாள். முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றி, கையிலிருந்த துடைக்கிற துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் நாங்கள் தேத்தண்ணி வைப்போம், இவர்கள் கோப்பி. எங்களோடு இருந்து ரோல்ஸும் சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. உறைப்போ என்னவோ.

மறுநாள் பேத்தியின் வெள்ளைச் சட்டைகளைப் பால்கனியில் காயப் போட்டேன். இப்போது எப்போதும் அங்கேதான் போடுகிறேன். போட்டுவிட்டு ஒருதரம் மேலே பார்ப்பேன். அந்தத் தலை ஞாபகம் வரும். திட்ட வாய் எடுத்தால் இடுப்பிலிருந்த குழந்தை நினைவுக்கு வருகிறது, கும்பிடக் கை எடுத்தால் பக்கத்து ஊர் அழுகுரல் கேட்கிறது.