நிற்க வேண்டாம் என்று சொன்னவள்

போன மாதம் இறந்துபோன என் அக்காவை ஆஸ்பத்திரியில் ‘தரை டாக்டர்’ என்பார்கள். அவள் டாக்டர் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு உடம்பைப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட். அவளுடைய நாற்காலியில் தாய்மார்களின் பைகள்தான் உட்கார்ந்திருக்கும். அவள் இருப்பு பாயில்.

ஒருநாள் ஒரு லாரி ஓட்டுநர் மனைவியோடு வந்தார். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்த மகனுக்கு அப்போது ஆறு மாதம். வந்ததும் வராததுமாக அவனை மேசைமேல் நிறுத்திப் பிடித்தார். கால்கள் குச்சிபோல் விறைத்தன.

“பாத்தீங்களா மேடம்? எங்க அண்ணன் பையனுக்கும் இதே வயசுதான், துணிமூட்டை மாதிரி துவளுறான். இவன் சிங்கம்!”

“தெரு முழுக்க இப்படித்தான் காட்டிட்டு வர்றாரு,” என்றாள் மனைவி.

அக்கா குனிந்து பார்த்தாள். பையன் கால்விரல் நுனியில் நின்றான். குதிகால் மேசையைத் தொடவே இல்லை.

“சிங்கத்தைக் கீழ இறக்குங்கண்ணே. இது பலம் இல்ல, இறுக்கம். இவனுக்குக் காலை மடக்கத் தெரியல. இப்படியே விட்டா நடக்கிறது கஷ்டமாயிடும். இனிமே நிக்க வைக்காதீங்க.”

அவர் முகம் சுருங்கியது. “அப்ப நடக்கவே மாட்டானா?”

“சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மூளை பழகிக்கிற வயசு இதுதான். விடாம செஞ்சு பாப்போம்.”

முட்டியை வயிற்றோடு மடக்கித் தூக்கவும், குப்புறப் போட்டு விளையாடவும், இரு கைகளையும் நெஞ்சுக்கு நடுவே சேர்க்கவும் சொல்லிக்கொடுத்தாள்.

“ஸ்டியரிங் மாதிரி பிடிக்காதீங்கண்ணே. லாரி இல்ல, உங்க மகன்.”

அதன்பிறகு அக்கம்பக்கத்தார் நிறுத்திக் காட்டச் சொன்னால், ஓட்டுநர் “சிங்கம் லீவுல இருக்கு” என்று அனுப்பிவிடுவாராம். சில வாரங்களில், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

“மேடம், அவன் காலை அவனே வாயில வச்சுத் தின்னுறான்!”

“தின்னட்டும்ணே, நல்லா தின்னட்டும்!” என்று கத்தினாள் அக்கா, சோற்றுக்கையோடு. மடங்கவே மாட்டேன் என்ற கால் மடங்கிவிட்டது.

பிறகு அவன் உட்கார்ந்தான், தவழ்ந்தான். இரண்டு வயது நெருங்கும்போது ஒருநாள், அக்காவை அழைத்துவரப் போன நான் கதவருகே நின்றிருந்தேன். பையன் அவள் தோளைப் பிடித்து எழுந்தான். பிடியை விட்டான். குதிகால் முழுதாகத் தரையில் பதிய, கைநீட்டிய அப்பாவைத் தாண்டி, என்னையும் தாண்டி, வராந்தாவுக்கே போய்விட்டான்.

“டேய், எங்கடா போற!” என்று அழுதுகொண்டே ஓட்டுநர் பின்னால் ஓடினார்.

அக்கா பாயில் உட்கார்ந்தபடியே இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.