மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போன வாட்ச்மேன்

தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்ட ஈயக்குண்டு ஒன்றுதான் எங்கள் சீரியலின் ஹிப்னாடிச யந்திரம். சினிமாவில் என்றால் சங்கிலி போட்ட தங்கக் கடிகாரத்தை ஆட்டுவார்கள். தூத்துக்குடி லோக்கல் கேபிள் சேனல் தங்கத்துக்கு எங்கே போகும்? டைரக்டர் மீன்பிடிச் சாமான் கடையிலிருந்து அந்தக் குண்டை வாங்கி வந்து என் கையில் கொடுத்து, "இத ஆட்டுலே, ஊரே சொக்கிரும்" என்றார். ஊர் சொக்கியதோ இல்லையோ, ஆட்டின எனக்குத்தான் முதலில் கண் சொக்கியது.

நான் சாத்தான்குளத்துக்காரன். அப்பாவின் மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்கப் பிடிக்காமல் நடிப்பு நடிப்பு என்று தூத்துக்குடிக்கு ஓடி வந்தவன். வாராவாரம் வந்த ஒரு துப்பறியும் நகைச்சுவைத் தொடரில் எனக்குத்தான் துப்பறிவாளன் வேஷம். வெயிலோ மழையோ விரித்த குடையோடு வருவான். தூத்துக்குடி முந்திரி இனிப்பான மக்ரூன் தின்றால்தான் அவனுக்கு மூளை ஓடும். அதையும் திருடன் வீட்டிலேயே கேட்டு வாங்கித் தின்பான். ஜனங்கள் ரசித்தார்கள். ஆனால் எனக்கு ஒரு பீடை இருந்தது. வசனம் நீளமாக வந்தால் கேமரா முன்னால் வாய் அடைத்துப் போகும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டித்தான் அதுவரை ஒப்பேற்றினார்கள். ஹிப்னாடிசக் காட்சியை மட்டும் வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுப்பேன் என்று டைரக்டர் அடம்பிடித்தார். இந்தத் தடவையும் திக்கினால் அடுத்த வாரம் சவுண்டுக்காரர் குடை பிடிப்பார் என்றும் சொல்லிவிட்டார். குடை போனால் எனக்குப் பொட்டலம்தான். அப்பா அதற்காகவே காத்துக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். உப்பள முதலாளியின் பல்செட்டு காணாமல் போகிறது. திருட்டைப் பார்த்த வாட்ச்மேனுக்குப் பயத்தில் எல்லாம் மறந்துவிட்டது. துப்பறிவாளன் அவரை ஹிப்னாடிசத்தால் மயக்கி உண்மையை வரவழைக்க வேண்டும். வாட்ச்மேனாக நடிக்க டைரக்டர் மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்திலிருந்து, ஒரு காலத்தில் சங்கு குளித்த அண்ணாச்சி ஒருவரைக் கூட்டி வந்தார். கடலுக்கடியில் காற்று அனுப்பும் கம்ப்ரஸர் வருவதற்கு முன்பே, வெறும் மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பழகிய மனிதர். வசனமே கிடையாது, உண்மையையும் துப்பறிவாளனே சொல்லிவிடுவான் என்றதும் சம்மதித்தாராம். "கண்ண மூடிட்டு இருக்கணும், அம்புட்டுத்தான? அதுக்கு ஒரு சாப்பாடு வேற போடுதீகளா!" என்று சிரித்தார். 'மேலே வா' என்று நான் சொல்லும்வரை அசையவே கூடாது என்று அவருக்குச் சொல்லி வைத்தார்கள்.

ஷாட் ஆரம்பித்தது. குண்டை ஆட்டினேன். "கண்ணை மூடு. மூச்சை நன்றாக இழு. கீழே போ... இன்னும் கீழே போ..." என்றேன். அதோடு என் வாய் அடைத்துவிட்டது. மறந்தெல்லாம் போகவில்லை, ஒரு பக்க வசனமும் மண்டைக்குள் இருக்கிறது, நாக்குதான் புரளவில்லை. டைரக்டர் பல்லைக் கடிப்பது தெரிகிறது. சவுண்டுக்காரர் குடையைப் பார்க்கிறார். தொலைந்தோம் என்று நினைத்தபடி அண்ணாச்சியைப் பார்த்தேன்.

அந்த மனிதர் மூச்சே விடவில்லை. நெஞ்சு ஏறி நின்றது நின்றபடியே இருக்கிறது. கால்விரல்கள் தரையை அழுத்திப் பிடித்திருக்கின்றன. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்துவிட்டது. ஐயோ சாமி! மூச்சை இழு, கீழே போ என்று நான் சொன்னதற்கு அவர் அறிந்த அர்த்தம் ஒன்றுதான். மனிதர் கடலுக்கடியில் போய்விட்டார். 'மேலே வா' என்று சொன்னால்தான் திரும்புவார். அதுவோ வசனத்தின் கடைசி வரி. பதற்றத்தில் அந்த ஒரு வரியை மட்டும் தனியாக உருவி எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி முதலிலிருந்து சொன்னால்தான் கடைசி வரும். சொன்னேன். பல்செட்டு, முதலாளி, சமையல்காரி, பூனை என்று முழு வசனத்தையும் மழை கொட்டுகிற மாதிரிக் கொட்டி, கடைசியில் "மேலே வா!" என்று அலறினேன்.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எம்பி எழுந்து புஸ்ஸென்று மூச்சை விட்டார். எதிரிலிருந்த மக்ரூன் தட்டு பறந்தது. டைரக்டர் கைதட்டி ஓய்வதற்குள் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏலே, கொலகாரப் பாவி! ஆளக் கீழ எறக்கிட்டு அங்கன என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நின்ன?"

"நீங்க மூச்சு விட்டிருக்கலாமே அண்ணாச்சி?"

"கீழ போனவன் எப்பிடிலே மூச்சு விடுவான்?"

அவ்வளவு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். குடை என்னிடமே தங்கியது. அதைவிட, என் பீடை அன்றோடு ஒழிந்தது. நம்மைப் பற்றி நினைக்க நேரமில்லாவிட்டால் நாக்கு தானாகப் புரளும் என்பது எனக்கு அன்று தெரிந்தது. இன்று சென்னையில் டப்பிங் குரல் கொடுத்துப் பிழைக்கிறேன். நான் தின்கிற சோற்றில் அண்ணாச்சியின் அந்த ஒரு மூச்சு இருக்கிறது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அந்தப் படப்பிடிப்புக்குப் பிறகு அண்ணாச்சி என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் வீட்டில் சாப்பிடப் போனால் அவர் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், கணவருக்கு முன்னால் எனக்குத்தான் மீன் துண்டை வைப்பார். நான் அதை வெறும் கேலி, பிரியம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அக்கா போன் செய்தார். அண்ணாச்சிக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க ஊசி என்றதும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, மச்சான் வராமல் போடவிட மாட்டேன் என்கிறாராம். ரயிலேறிப் போனேன். வார்டு வாசலில் வைத்துத்தான் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"மூச்சடக்கிக் குளிக்கப் போறவுக, மேல தூக்குத இடுப்புக் கயித்தப் பொண்டாட்டி கூடப்பொறந்தவன்கிட்டதான் குடுப்பாக தம்பி. அக்கா தாலி அறுக்க எவன் விடுவான்? எந் தம்பிதான் இவுகளுக்குப் பிடிச்சான். அவன் காய்ச்சல்ல போய்ச் சேந்த பொறவு, கயிறு கட்டி எறங்கவே மாட்டேன்னுட்டாக. யார் கூப்பிட்டும் போவல. அன்னிக்கு ஒங்க படப்பிடிப்புல இருந்து வந்துதான், இன்னிக்கு ஒருத்தன் என்னைய மேல ஏத்திட்டான்னு சொன்னாக."

 அக்காவுக்கு முன்னால் நான் வார்டுக்குள் நுழைந்தேன்.

உள்ளே கட்டிலில் இருந்த அண்ணாச்சி என்னைக் கண்டதும் சட்டென்று படுத்துக்கொண்டார். "மச்சான் வந்துட்டான். ஊசியப் போடும்மா" என்று கண்ணை மூடினார். நர்ஸ் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், அக்காவின் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்தார்.

"சார், நீங்க யாரு? பேஷண்டுக்கு நீங்க என்ன உறவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்:

"எங்கூடப் பொறந்தவன்."