ஷேர் ஆட்டோவில் கத்தரிக்காய்த் தாளம்

இன்று காலை நானும் என் நாலு வயது மகள் மீனுவும் ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்திலிருந்து பட்டான்செருவுக்கு ஷேர் ஆட்டோவில் போனோம்.

மீனுவுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இந்தியிலோதான் வரும். தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் குழந்தைகளுக்குப் பேச்சு சீக்கிரம் வரும் என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார்.

"கத்-த-ரிக்-காய்" என்று தொடையில் தட்டினேன்.

"நக்கோ அம்மா" என்று வேண்டாமென இந்தியில் மறுத்தாள்.

நான் விடவில்லை. வெண்டைக்காய், முருங்கைக்காய் என்று தட்டிக்கொண்டே போனேன். ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த எதிர் சீட்டுக்காரர் தன் டிபன் டப்பாவில் கூடவே தட்ட ஆரம்பித்தார். டிரைவரும் ஹாரனோடு சேர்ந்துகொண்டார்.

மீனு என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, நீ தப்புத் தப்பா தட்டுற. அந்த அங்கிள்தான் சரியா தட்டுறாரு."

அவள் முழுதாகப் பேசிய முதல் தமிழ் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னது என்ன என்று உறைக்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

"பாப்பா ஏமண்டுந்தி?" என்று ஆர்வமாகக் கேட்டார் டப்பாக்காரர்.

நீங்கள் நன்றாகத் தட்டுகிறீர்களாம் என்று பாதியை மட்டும் தெலுங்கில் சொன்னேன்.

இந்தப் பக்கம் அம்மாக்களுக்குத் தாளம் சொல்லித்தருபவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். மீனுவுக்குத் தெரிய வேண்டாம்.