எல்லாமே இடது கால்

எனக்கு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தபோது என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் என் மாமியார். அவர் வீட்டிலேயே பீடி சுற்றுகிறவர். கல்யாணமான புதிதில் என்னையும் ஒரு முறத்தோடு பக்கத்தில் உட்கார வைத்தார். நான் ஒரு பீடியைச் சுற்றுவேன். லேசாகக் கோணியிருந்தால் பிரிப்பேன். மறுபடி சுற்றும்போது இலை கிழியும். தூளைத் தட்டிவிட்டு வேறு இலை எடுப்பேன். அவர் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

"நீ ஒரு கட்டு முடிக்கறதுக்குள்ள பீடி குடிக்கறவனே திருந்திடுவான்மே," என்றார் ஒருநாள்.

அதனால் ஆம்பூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், வேன் நிற்கிற இடம்வரை அவரே வந்து ஏற்றிவிட்டார். தோல் வெட்டும் பிரிவில் வேலை. சில மாதம் வைத்துப் பார்ப்பார்கள். தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி முறம். அதை நினைத்தாலே எனக்குப் பயம். முறத்துக்குக்கூட பயமில்லை, முறத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த முகத்துக்குத்தான்.

வேலை பார்வைக்குச் சுலபம். ஷூவின் முன்பக்கத் துண்டு வடிவத்தில் ஓர் இரும்பு அச்சு இருக்கும். தோலின்மேல் அதை வைத்து மெஷினை இறக்கினால் துண்டு விழும். நேராக வைத்தால் இடது கால், திருப்பி வைத்தால் வலது கால். ஒரே தோலிலிருந்து ஜோடியாக வெட்டவேண்டும், அப்போதுதான் இரண்டு காலும் ஒரே நிறமாக இருக்கும்.

கஷ்டமெல்லாம் மாட்டால் வருகிறது. தான் ஷூவாகப் போகிறோம் என்று தெரிந்து எந்த மாடும் ஒழுங்காக வாழ்வதில்லை. முள்வேலியில் உரசிக்கொள்கிறது, உண்ணியிடம் கடி வாங்குகிறது, பக்கத்து மாட்டோடு முட்டிக்கொள்கிறது. மேல்விஷாரத்தில் பதனிட்டுப் பளபளவென்று வரும் தோலிலும் அந்தச் சண்டை சச்சரவெல்லாம் அப்படியே தெரியும். வெட்டுவதற்கு முன்பு காயம் இருக்கிற இடத்தைப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். நான் வட்டம் போட ஆரம்பித்தால் அப்புறம் வெட்ட இடம் இருக்காது.

பக்கத்து மேசையில் வீட்டில் உருது பேசுகிற அக்கா ஒருவர் வெட்டிக்கொண்டிருப்பார். எல்லோரும் அவரை ஆபா என்போம்.

"இன்னாம்மா, தோல் வெட்றியா, கோலம் போட்டுக்கினு கீறியா?" என்றார்.

"காயம் ஜாஸ்தியா கீது ஆபா."

"இருக்கட்டும். மேல இன்னொரு துண்டு ஏத்தித் தைக்கறாங்களே, அந்த ஓரத்துக்குக் காயத்தத் தள்ளு. யாரு பிரிச்சிப் பாக்கப் போறாங்க?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. மறைத்தாலும் காயம் காயம்தானே என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு இன்னொரு வட்டம் போட்டேன். அதற்குள் ஆபா நாலு ஜோடி வெட்டியிருந்தார்.

புதிதாகச் சேர்ந்த எங்களை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற வாரத்தில் ஒரு மத்தியானம் ஆபா சொந்தத்தில் ஒரு நிக்காவுக்குப் போய்விட்டார். சூப்பர்வைசர் என்னைவிடச் சின்னப் பையன்; அவன் கம்பெனியைப் பார்க்க வந்தவர்களோடு சுற்றிக்கொண்டிருந்தான். கேட்க ஆளில்லை. நான் என் இஷ்டத்துக்குத் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தடவி, குனிந்து பார்த்து, ஒரு பொட்டுக் குறையில்லாத இடமாகப் பொறுக்கிப் பொறுக்கி வெட்டினேன். அவ்வளவு அழகான துண்டுகளை அந்தக் கம்பெனி பார்த்திருக்காது. வேனில் போகும்போது பாட்டுகூட முணுமுணுத்தேன்.

காலையில் வந்தால் சூப்பர்வைசர் என் கூடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, எல்லாமே லெஃப்டு."

காயம் தேடுகிற மும்முரத்தில் அச்சைத் திருப்பவே மறந்திருக்கிறேன். கூடை நிறைய இடது கால். தையல் பிரிவிலிருந்து பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். எனக்கு அழுகை முட்டியது. முறம் கண்ணெதிரே வந்து நின்றது.

"வேற தோல்ல ரைட்டு வெட்டினா கலர் சேராது. அதே தோலு, மிச்சத்துல எடுங்க. தையல் லைன் காத்துக்கினு கீது," என்றான்.

மிச்சம் என்றால் முழுக்க என் வட்டங்கள்தான். நல்ல இடத்தையெல்லாம் இடது கால்கள் தின்றுவிட்டன. பரபரவென்று அச்சைத் தூக்கினேன். நிக்கா முடிந்து வந்திருந்த ஆபா என் கையைப் பிடித்தார்.

"ஓடாத. நின்னுடவும் நின்னுடாத. ஒரே மாதிரி போ."

ஒரே மாதிரி போனேன். முள்வேலிக் கீறலை ஓரத்துக்குத் தள்ளினேன், மெஷினை இறக்கினேன். உண்ணிக்கடியை மறு ஓரத்துக்குத் தள்ளினேன், மெஷினை இறக்கினேன். சிலது தேறவில்லை, தூக்கிப் போட்டேன். சில இடது கால்களுக்குக் கடைசிவரை ஜோடி கிடைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தையல் லைன் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஷூக்கள் முடிந்து பரிசோதனை மேசைக்குப் போனபோது தூரத்தில் நின்று சாமியைக் கும்பிட்டேன். பரிசோதிக்கிற அம்மா ஒரே ஒரு ஷூவை ஒதுக்கினார். பசைக் கறையாம். அது இடது கால்.

வாரக் கடைசியில் சூப்பர்வைசர், "பர்மனன்ட்டுக்கு எழுதிட்டேன். ஆனா அக்கா, மனுசனுக்கு ரெண்டு காலு, ஞாபகம் வெச்சிக்கங்க," என்றான்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் முறம், துடைத்துத் தயாராக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்துபோய் முறத்தை ஆணியில் மாட்டினார். பிறகு உட்கார்ந்து கதையைக் கேட்டபடியே சுற்றினார். ஒன்று கோணலாக வந்தது. பிரிக்கவில்லை. அதைக் கட்டின் நடுவில் சொருகி, நேரானவற்றைச் சுற்றிலும் அடுக்கி நூலைக் கட்டிப் போட்டார். அவர் பக்கத்தில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தும் என் கையில் இருக்கும் பீடியைத் தவிர நான் வேறெதையும் பார்த்ததில்லை.

"இத முன்னாடியே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா அத்த?" என்றேன் கோபமாக.

அவர் அடுத்த இலையை எடுத்தார்.

"சொல்லியிருந்தா நீ வேலைக்குப் போயிருப்பியா?"