மேஜர் மேல் விழுந்த பழி

அனந்தபத்மநாபனுக்கு ஐம்பத்தோரு வயதில் குதிரைப் பைத்தியம் பிடித்தது. மூன்று தலைமுறையாகத் தொம்மலூரில் இருக்கும் குடும்பம். தாத்தாவும் அப்பாவும் மைசூர் அரசாங்க உத்தியோகம். அவர்களில் யாரும் சைக்கிளைத் தாண்டி வேறெதிலும் ஏறியதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவருக்கு வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவின் தலைமைப் பொறுப்பு. சக ஊழியர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹொசகோட்டைப் பக்கம் இருந்த குதிரையேற்றப் பள்ளிக்கு அழைத்துப் போனார். அன்றைக்கு ஏறி உட்கார்ந்தவர்தான்.

கொரோனாவில் அந்தப் பள்ளி மூடப்பட்டு, குதிரைகளை விற்றார்கள். அவர் வழக்கமாக ஏறும் செம்பழுப்புப் பெட்டை ஒன்று இருந்தது, பெயர் செர்ரி. அதை யாரோ கல்யாண ஊர்வலத்துக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவரே வாங்கிவிட்டார். அதே சாலையில் ஆறேழு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு லாயத்தில் செர்ரி நின்றது. கிருஷ்ணகிரிக்காரர் அர்ஜுனன்தான் அங்கே சைஸ். இருபத்தைந்து வருடமாகக் குதிரைகளைப் பராமரிப்பவர்.

செர்ரிக்குப் பத்து வயதானபோது அதனிடம் ஒரு குட்டி எடுத்துவிட வேண்டும் என்று அனந்தபத்மநாபனுக்குத் தோன்றியது. அர்ஜுனனிடம் சொன்னார்.

"வாய் அப்படி இருக்குதே சார். டாக்டரைக் கேட்டுட்டு செய்யுங்க" என்றார் அர்ஜுனன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செர்ரியின் பல்லை ராவிவிட வரும் கால்நடை மருத்துவர் சுதீர். அடுத்த முறை வந்தபோது அவர் செர்ரியின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார்.

"மேல் பல்லு கீழ் பல்லை மூடிக்கிட்டு எவ்வளவு முன்னால வந்திருக்கு பாருங்க. கிளி மூக்கு மாதிரி. இது பரம்பரையா வரக்கூடியது சார். என்னைக் கேட்டா குட்டி எடுக்காதீங்க. எடுத்தே தீரணும்னா, ஸ்டாலியன் வச்சிருக்கறவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க."

"சொல்லாம இருப்பேனா டாக்டர்?" என்றார் அனந்தபத்மநாபன். அப்போது சொல்லத்தான் நினைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் பொலிகுதிரை தேடினார். கனகபுரா, மைசூர், ஓசூர் என்று பதினோரு குதிரைகளைப் பார்த்தார். ஒன்றுக்கு முன்னங்கால் உள்வாங்கியிருந்தது. ஒன்று ஆளைக் கண்டாலே காதைப் பின்னால் மடக்கியது. இன்னொன்று நல்ல அழகு, ஆனால் குளம்பு தட்டை. குறைகளை உரிமையாளர்களிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டு வருவார். கனகபுராவில் ஒருவர் பொறுக்க முடியாமல், "சார், குதிரை பாக்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். அதையும் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார்.

நல்ல தாடை உள்ள குதிரையாகப் பார்த்துச் சேர்த்தால் செர்ரியின் குறை குட்டியில் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. படித்த மனிதர். அது அப்படி நடப்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினார்.

பன்னிரண்டாவதாகப் பார்த்தது மேஜரை. தேவனஹள்ளிக்கு அப்பால் டோரதி என்ற அம்மாள் நான்கு குதிரைகளோடு ஒரு சின்னப் பண்ணை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது. மேஜரை ராஜஸ்தான் சந்தையிலிருந்து குட்டியாக வாங்கி வந்து அவரே வளர்த்தார். கபில நிறம், ஆறு வயது. அவர் சீட்டியடித்தால் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்து நிற்கும். அனந்தபத்மநாபன் காலைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். சொல்வதற்கு ஒரு குறைகூட அகப்படவில்லை.

"உங்களுக்கும் முதல் தடவை, அவனுக்கும் முதல் தடவை" என்று டோரதி சிரித்தார். "நான் ஒண்ணுதான் கேப்பேன் சார். உங்க குதிரைக்கு வாய் எப்படி? பல்லு நேரா சேருதா? கால் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாகூட பரவால்ல. வாய் கெட்ட குதிரை ஒண்ணு என்கிட்ட இருந்தது. புல்லைக் கடிக்க முடியாம அது பட்ட பாட்டைப் பாத்திருக்கேன்."

"அதெல்லாம் பிரச்சினை இல்ல மேடம். டாக்டர் பாத்திருக்கார்" என்றார் அவர். டாக்டர் பார்த்தது உண்மைதான்.

மார்ச் மாதம் செர்ரியை வண்டியில் ஏற்றி தேவனஹள்ளிக்குக் கொண்டு போனார்கள். இறக்கியதும் டோரதி அருகில் வந்து, கழுத்தைத் தடவி, உதட்டைத் தூக்கப் போனார். செர்ரி தலையை உதறியது.

"புது ஆள் வாயைத் தொட்டா அவளுக்குப் பிடிக்காது மேடம்" என்றார் அனந்தபத்மநாபன்.

கயிறு அர்ஜுனன் கையில் இருந்தது. அவர் பிடித்துக்கொண்டால் செர்ரி யார் வாயைத் தொட்டாலும் அசையாமல் நிற்கும். அர்ஜுனன் அவரைப் பார்த்தார். அனந்தபத்மநாபன் பார்வையை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டார். அர்ஜுனன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"சரி, பயப்படறா. விடுங்க" என்றார் டோரதி.

அடுத்த பிப்ரவரியில் குட்டி பிறந்தது. அவர் லாயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. மேஜரின் அதே கபில நிறத்தில் ஒரு பெட்டைக்குட்டி, நீளக் கால்களைப் பரப்பிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தது. சுதீர் அதன் வாயைத் திறந்தார். இன்னும் பல் வராத ஈறுதான். அதிலேயே தெரிந்தது. தாயைவிட அதிகம்.

"பண்ணைக்காரங்ககிட்ட சொல்லித்தானே சேத்தீங்க?" என்று சுதீர் கேட்டார்.

"சொன்னேன்" என்றார் அவர். தண்ணீர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அர்ஜுனன் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுவாரம் டோரதி குட்டியைப் பார்க்க வந்தார். கழுத்தில் கட்ட ஒரு சின்ன மணியும் வாங்கி வந்திருந்தார். செர்ரி மேய்ச்சலில் தூரத்தில் நின்றது. குட்டியின் வாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. விரலால் ஈறைத் தடவிப் பார்த்தார். பிறகு, "தாய்க்கு இப்படி இல்லையே?" என்று கேட்டார்.

நூறு அடி நடந்திருந்தால் அவரே பார்த்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது இவரிடம், இவர் சொன்னால் போதும் என்ற நம்பிக்கையில். அனந்தபத்மநாபன் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்பது போல.

"அப்போ இது என் பக்கத்துலேர்ந்து வந்ததுதான்" என்றார் டோரதி. "இவனோட அப்பன் யாரு, தாத்தன் யாருன்னு எனக்கு என்ன தெரியும்? சந்தையில வாங்கினவன். சாரி சார். உங்க முதல் குட்டியை நான் கெடுத்துட்டேன்."

அவர் மன்னிப்புக் கேட்டார். இவர், "பரவால்ல மேடம்" என்றார்.

ஒரு வாரம் கழித்து டோரதி போன் செய்தார். மேஜருடன் சேர்ந்த வேறு இரண்டு பெட்டைகள் சினையாக இருந்தன, மே மாதம் ஒன்று, ஜூனில் ஒன்று ஈன வேண்டும். அவற்றின் உரிமையாளர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். புதிதாகக் கேட்டிருந்தவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"இனிமே இவனை ஸ்டாலியனா வச்சிருக்கறதுல அர்த்தமில்ல சார். பெட்டைங்களோட விட முடியாம தனியாவே கட்டி வைக்கணும், அது பாவம். வியாழக்கிழமை டாக்டர் வர்றார், காயடிச்சிடலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. போனை வைத்துவிட்டு அவர் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி ருக்மிணி என்ன என்று கேட்டார். முதல்முறையாக அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

ருக்மிணி அதட்டவில்லை. "ஏன்னா, இப்பவே திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிடுங்கோ. இன்னும் நாலு நாள் இருக்கு" என்றார்.

"நேர்ல போய்ச் சொல்றேன்."

"எப்போ?"

"நாளைக்கு ரிலீஸ் இருக்கு. செவ்வாய்க்கிழமை போறேன்."

செவ்வாய்க்கிழமை போகவில்லை. புதன்கிழமை மெட்ரோவில் நின்றபடி வாட்ஸ்அப்பில் நீளமாகத் தட்டினார். 'மேடம், செர்ரிக்கும் அந்தக் குறை உண்டு' என்ற வரிக்கு வந்ததும், டோரதி அதைப் படிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தார். மொத்தத்தையும் அழித்தார். வியாழக்கிழமை காலை ருக்மிணி சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று பத்திலிருந்து ஒரு மணி வரை அவருக்கு மீட்டிங். யாரோ ஏதோ கேட்க, இவர் பதிலும் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டால் இன்றும் அவருக்கு நினைவில்லை. ஒரு மணிக்கு மேல் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை லாயத்தில் அர்ஜுனன்தான் பேச்செடுத்தார். "தேவனஹள்ளி குதிரையை காயடிச்சிட்டாங்களாமே சார்."

"ஆமா."

"அந்தம்மா வாயைப் பாக்க வந்தப்ப கயிறு என் கையிலதான் இருந்துச்சு. நான் வாயைத் தெறந்து சொல்லியிருக்கணும். உங்க உப்பைத் திங்கிறோமேன்னு சும்மா இருந்துட்டேன்." அவர் குரலில் கோபம் இல்லை. தன் தப்பைச் சொல்வது போலத்தான் சொன்னார். அனந்தபத்மநாபனால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் தேவனஹள்ளிக்குப் போனார். டோரதி மேஜரைக் கயிறு பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டிருந்தார். வீக்கம் வைக்காமலிருக்கத் தினமும் நடத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பின்னங்காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தது அது. இவரும் பக்கத்தில் நடந்தார். இரண்டாவது சுற்றில் சொன்னார்: செர்ரியின் வாயை, சுதீர் எச்சரித்ததை, தான் சொன்ன பொய்களை, போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சும்மா இருந்ததை.

டோரதி நிற்கவில்லை. அந்தச் சுற்றை முழுக்க நடந்து முடித்தார். குதிரையை நிழலில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உங்க சைஸுக்குத் தெரியுமா இது?"

"தெரியும் மேடம்."

"அவரையும் பொய்யராக்கிட்டீங்க."

"தப்பு என்னோடது மேடம். நான் எல்லாருக்கும் எழுதிடறேன்."

"எழுதுங்க. எனக்காக இல்ல. அந்த ரெண்டு பேரும் குட்டி எப்படிப் பொறக்குமோன்னு தூங்காம இருக்காங்க, அவங்களுக்காக." பிறகு மேஜரின் பக்கம் திரும்பிக்கொண்டார். "கெளம்புங்க சார். போறப்போ கேட்டைச் சாத்திட்டுப் போங்க. குதிரைங்க ரோட்டுக்குப் போயிடும்."

கேட்டுக்கு வெளியே நின்றபடியே போனை எடுத்து, பெங்களூர் குதிரைக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் எழுதினார். இந்த முறை அழிக்கவில்லை. குறை என் குதிரையுடையது, மேஜருடையது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை, தெரிந்தே மறைத்தேன், டோரதி மேடம் என் பேச்சை நம்பினார், சைஸ் மீது பழியில்லை. நூற்று எண்பது பேர் படித்தார்கள். யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும் 'நோட்டட்' என்று போட்டார். சுதீர் தனியாக ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார்: 'பண்ணையில சொல்லிட்டேன்னு என்கிட்டயும் சொன்னீங்களே சார்.'

மே மாதம் ஒரு குட்டியும் ஜூனில் ஒரு குட்டியும் பிறந்தன. இரண்டுக்கும் வாய் நேராக இருந்தது. குழுவில் படம் போட்டார்கள், எல்லோரும் வாழ்த்தினார்கள். அவரும் வாழ்த்தத் தட்டிவிட்டு, அனுப்பாமல் விட்டார்.

இப்போது அந்தப் பெட்டைக்குட்டிக்கு ஒன்றரை வயது. புல்லை நுனியில் கடிக்க வராததால் அர்ஜுனன் நறுக்கிப் போடுகிறார். குட்டியை விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ அனந்தபத்மநாபன் பேச்செடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார். செர்ரியிடம் இனிக் குட்டி இல்லை என்பதை ருக்மிணி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அர்ஜுனன் முன்பு போலவே வேலை செய்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். அதற்கு மேல் பேச்சில்லை.

போன மாதம் சுதீர் குட்டியின் பல்லை ராவ வந்தார். வேலை முடிந்து அரத்தைக் கழுவும்போது அவருக்குப் போன் வந்தது. "ஆமா மேடம், ராவியாச்சு. நல்லா தின்னுது. எடை கூடியிருக்கு. இல்ல, வலியெல்லாம் இல்ல" என்று பேசினார்.

"யாரு டாக்டர்?" என்று கேட்டார் அனந்தபத்மநாபன்.

"டோரதி மேடம். ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க."

தன்னிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டாலும் தன் பதிலை அந்த அம்மாள் நம்புவதற்கு என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. அர்ஜுனனிடமிருந்து குட்டியின் கயிற்றை வாங்கிக்கொண்டு, அதை நிழலுக்கு நடத்திப் போனார்.